நாற்பத்தைந்து பேரை ஒரே சுவர் முன் நிறுத்தலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 45 பேரை ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குக் கூட்டிப்போனோம். அரை மணியில் வெளியே வந்துவிட்டோம். மறுநாள் கேட்டால் யாருக்கும் ஒன்றும் நினைவில்லை. எங்கே தவறினோம்?
– ஓர் ஆசிரியை, தேவிபட்டினம்

பதில்: கூட்டத்தில்தான். 45 பேர் போனால் முன்வரிசைக்கு ஓவியம் தீட்டிய சுவர் தெரியும், மற்றவர்களுக்கு முதுகுதான் தெரியும். 15 பேராகப் பிரியுங்கள். ஒரு குழு ஓவியத்திடம், ஒன்று காட்சிப் பெட்டிகளிடம், ஒன்று வெளியே தாளும் பென்சிலுமாக. 25 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். பேனா மட்டும் வேண்டாம்.

எல்லாச் சுவரையும் காட்டும் ஆசையை விடுங்கள். மூன்று காட்சி போதும்: ராமநாதபுரம் மன்னர் சேதுபதி ஐரோப்பியரைச் சந்திப்பது, தஞ்சை மராட்டியருடன் போர், ராஜராஜேஸ்வரி அம்மன் மன்னருக்குச் செங்கோல் தருவது. ஒவ்வொன்றின் முன்னும் முதல் ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது, நீங்களும்தான். பிறகு "என்ன தெரியுது?" என்று கேளுங்கள். "வெள்ளைக்காரர் டீச்சர்" என்று ஒருவன் சொன்னால், "எதை வச்சுச் சொல்றே?" என்று திருப்புங்கள். உடுப்பா, நிற்கிற விதமா, முகமா என்று அவன் மறுபடி சுவரைப் பார்த்தே ஆகவேண்டும். மன்னர் முத்து விஜய ரகுநாத சேதுபதி, காலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்பதெல்லாம் அதற்கப்புறம். முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் நோட்டைப் பார்ப்பார்களே தவிர ஓவியத்தைப் பார்க்க மாட்டார்கள்.

குச்சி வைத்துச் சுட்டாதீர்கள். ஒரு கை தடுமாறினால் போதும், கீறல் விழும்.

கேள்வி: பிளாஷ் போட்டால் ஓவியம் வெளுத்துவிடும் என்கிறார்கள், உண்மையா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: பிளாஷைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டுகிறோம். ஒரு மின்னலில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அடுத்தவர் கண் கூசும், படம் எடுக்கிறவரும் பின்னால் நகர்ந்து நகர்ந்து எதிர்ச்சுவரில் சாய்ந்துவிடுவார். அனுமதி இல்லாத இடத்தில் எடுக்கவே வேண்டாம்.

நிஜ எதிரி உப்பும் ஈரமும். உங்கள் ஊர் வீட்டுச் சுவர் அடியில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஓவியச் சுவரிலும் நடப்பது அதுதான். ஈரம் சுவருக்குள் ஏறி, காயும்போது உப்பு வண்ணத்துக்கு அடியில் படிகமாகி, வண்ணத்தை வெளியே தள்ளுகிறது. அப்படித் தூக்கி நிற்கும் வண்ண ஏட்டை வியர்வைக் கையால் தடவினால் கையோடு வந்துவிடும். அதனால்தான் கை நீட்டினாலும் எட்டாத தூரத்தில் நிற்கச் சொல்கிறோம்.

கேள்வி: அருங்காட்சியகங்களில் பொது நிகழ்ச்சிகள் எப்போது நடக்கும்?
– ஒரு கல்லூரி மாணவி, மண்டபம்

பதில்: ஏப்ரல் 18 உலக மரபு நாள், மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். இந்த நாள்களை ஒட்டி விசாரியுங்கள். குழுவாகப் போவதென்றால் விடுமுறை நாளையும் நேரத்தையும் கேட்டு, எண்ணிக்கையையும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். மே மாதமானால் காலையிலேயே போய்விடுங்கள். உச்சி வெயிலில் வந்த பிள்ளை தண்ணீர்க் குழாயைத்தான் தேடும்.