படகு சீட் கிழிந்துவிட்டது, கார் குஷன் கடையில் கொடுத்தால் போதுமா?

தாராளமாகக் கொடுக்கலாம். நானே கார் குஷன் கடைக்காரன்தான், வத்தலக்குண்டில். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைச் சுட்டுவிட்டது: "மேலே காய்ந்துதான் இருக்கிறது, உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் நனைந்துவிடுகிறது." ஏறக்குறைய இதே வார்த்தைகளை 2016 டிசம்பரில் ஒருவர் என்னிடம் போனில் கத்தினார்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய படகாக இருக்கும். படகு வேலை தெரிந்தவர் சொன்ன விலையைக் கேட்டு மலைத்துப்போய், பக்கத்துக் கார் சீட் கடையில் பாதி விலைக்கு முடியுமா என்று பார்க்கிறீர்கள். தப்பே இல்லை. காருக்கும் படகுக்கும் உள்ள வித்தியாசம் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால் சரி. எனக்கு அன்றைக்குத் தெரியாது.

கொடைக்கானலில் துடுப்புப் படகு வைத்திருந்த ஒருவர் 12 படகுக்கு வேலை கொடுத்தார். படகுக்கு இரண்டு சீட், இரண்டு சாய்மானம். ஆக 48 உருப்படி. அப்போது கார்களில் டயமண்ட் தையல் மோகம். கட்டம் கட்டமாகக் குறுக்கே ஓடுமே, அது. எங்கள் பக்கம் அதை என்னைப் போல் நேராக ஓட்ட ஆள் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. 48-லும் டயமண்ட் போட்டேன். சிவப்பு ரெக்சின், வெள்ளை நூல். செப்டம்பரில் மாட்டிவிட்டு வந்தபோது படகுக்காரர்களே செல்போனில் படம் எடுத்தார்கள்.

அக்டோபர், நவம்பர் மழை முடிந்ததும் அந்தப் போன் வந்தது. கல்யாணமாகி நாலு நாள் ஆன பையன் ஒருவன் வெள்ளை பேன்ட்டில் பழுப்பு வட்டத்தோடு இறங்கியிருக்கிறான்.

மலைக்குப் போய் சீட்டைத் தடவிப் பார்த்தேன். நல்ல வெயில், காய்ந்துதான் கிடந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். ஊசி இறங்கிய ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் எழும்பி நின்றது, டயமண்ட் கட்டம் தவறாமல். நான் ஓட்டிய கோடு எவ்வளவு நேர் என்று தண்ணீர் வரைந்து காட்டியது.

ரெக்சின் தண்ணீரை விடாது. தையல் விடும். மேல்பக்கம் ஆயிரம் ஓட்டை போட்டு, அடியில் பலகை வைத்து மூடிவிட்டால், இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் ஃபோமிலேயே ஊறும். சீட்டைத் திருப்பிப் பிரித்தேன். ஸ்டேப்ளர் பின் துருவாக உதிர்ந்தது. கமர்ஷியல் பிளைவுட் பழைய நோட்டுப் புத்தகம்போல ஏடு ஏடாகப் பிரிந்தது. ஃபோமைப் பிழிந்தால் டீ நிறத்தில் ஒரு மக் தண்ணீர், கழுநீர்த் தொட்டி நாற்றம். நூலை இழுத்தேன், சத்தமே இல்லாமல் அறுந்தது. பருத்தி கலந்த நூல். போதாததற்குப் பூஞ்சை போக அவர்கள் வாராவாரம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்பார்கள். சொல்லவில்லை.

மறுபடி 48-ம் செய்து கொடுத்தேன். மேல்பக்கம் ஒரே துண்டு, தையலே இல்லை. எல்லாத் தையலும் பக்கவாட்டில், முடிந்தவரை கீழே தள்ளி. ரெக்சினிலேயே படகுக்கென்று வருவதை, மெரைன் வினைல் என்று கேட்டு வாங்கினேன். வெயிலும் பூஞ்சையும் தாங்கும் மருந்து அதிலேயே கலந்திருக்கும். அந்த உயரத்து வெயிலில் சாதா ரெக்சின் சீக்கிரமே அப்பளமாகிவிடும். வெளியில் வைத்துத் தைப்பதற்கென்றே வரும் பாலியெஸ்டர் நூல், மொத்தச் செலவில் அது டீச்செலவுதான். தையலை நெருக்கமாகப் போடக் கூடாது, தபால்தலை ஓரம்போலக் கிழிந்துகொள்ளும். நான் ஒரு தையலுக்கு 4 மில்லிமீட்டர் நீளம் வைத்தேன். பலகைக்குத் தண்ணீர் தாங்கும் மெரைன் பிளை, அதற்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 710 போட்டது. அதில் வரிசையாகத் துளை போட்டு, அடித்துணிக்குப் பதில் வலை. ஃபோம் உறையைவிட அரை அங்குலம் பெரியதாக வெட்டினால்தான் மேலே சுருக்கம் விழாது, சுருக்கத்தில் தண்ணீர் தேங்காது. தண்ணீரை வடியவிடும் ஃபோம் தனியாக உண்டு, பெரிய பெரிய கண்ணாக இருக்கும். எனக்கு அன்றைக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

படகு கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் "இவன் யார் சொல்ல" என்பார்கள். நான் யாட் எனும் கடல் சொகுசுப் படகைப் பார்த்ததில்லை. ஏரிப் படகில் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

இரண்டாவது முறை செய்ததற்குப் பாதிப் பணம்தான் வந்தது. தப்பு என்னுடையது, கேட்க வாய் வரவில்லை. அதைக்கூட மறந்துவிட்டேன். மறக்காதது வேறு. அதே வருடம் தம்பிக்குப் பெண் பார்த்தோம். "மாப்பிள்ளை என்ன செய்கிறார்?" "அண்ணனோடு குஷன் கடை." அதோடு ஜாதகம் திரும்பி வந்துவிடும், மூன்று இடத்தில். அப்புறம் போர்டில் 'இன்டீரியர்ஸ்' என்று மாற்றினோம், அடுத்த தையில் கல்யாணம். மிஷின் அதே மிஷின், ஊசியும் அதே 18-ஆம் நம்பர் ஊசி. இங்கேயும் "நாலு பின் அடிக்க எதுக்கு இவ்வளவு கூலி" என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அவர் ஒரு மூலையை மடித்து அடித்துக் காட்டட்டும், பார்ப்போம்.

சரி, உங்கள் படகு கடலில் ஓடுகிறதா, ஏரியிலா என்று சொல்லவே இல்லையே. ஏரி என்றால் சாதா ஸ்டெயின்லெஸ் பின் போதும். கடல் என்றால் உப்புத் தண்ணீரைத் தாங்கும் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் பின்தான் வேண்டும் என்று கேளுங்கள், ஜிப் வைத்தால் பிளாஸ்டிக் பல் ஜிப். கடைக்காரர் டயமண்ட் டிசைன் ஆல்பத்தை எடுத்தால் மூடி வைக்கச் சொல்லுங்கள்.