கேட்டில் காத்திருந்த ஊறுகாய்

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவோடு திருச்சி போகிறேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையைச் சீக்கிரம் முடிப்பது எப்படி?
– வாசகி, ஈசூன்

பதில்: முதலில் முனையத்தைப் பாருங்கள். 1, 2, 3-இல் சோதனை விமானம் ஏறும் கேட்டில்தான். கடைகளைச் சுற்றிவிட்டுக் கடைசியில் போனால் வரிசையின் வால் உங்களுக்கு. 4-இல் குடிநுழைவு தாண்டியதும் எல்லாருக்கும் ஒரே இடம்.

அப்புறம் ஊறுகாய். என் சின்னம்மா கைப்பையில் அரைக் கிலோ எலுமிச்சை ஊறுகாய் வைத்திருந்தார். தட்டில் எண்ணெய் கசிய, அதிகாரி போத்தலைத் தூக்கிப் பார்த்தார். "வீட்டில் போட்டது தம்பி" என்றார் சின்னம்மா. பலிக்கவில்லை! 100 மில்லிக்கு மேல் போனால் ஊறுகாயும் திரவக் கணக்குதான், செக்-இன் செய்யும் பெட்டியில் போட்டுவிடுங்கள். பவர் பேங்க் மட்டும் கைப்பையில். அம்மாவின் தைலம் சின்னப் புட்டிதானே, சரி, இருக்கட்டும்.