வளைவைத் தாங்கிப் பிடித்தது யார்?

கேள்வி: நான் திருப்பூரில் சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பண்டைய ரோமானியர்களின் கட்டுமானம் பற்றி ஐந்து பேர் சேர்ந்து செய்ய வேண்டிய குரூப் ப்ராஜெக்ட். நான்தான் லீடர். முதல் நாளே வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு தலைப்பு பிரித்துக் கொடுத்தேன். கடைசி வாரம் கேட்டபோது இரண்டு பேர் எங்கிருந்தோ காப்பியடித்து அனுப்பினார்கள், ஒருத்தி படங்கள் மட்டும் அனுப்பினாள், ஒருத்தன் போனையே எடுக்கவில்லை. ரிப்போர்ட், பிபிடி, பிரான்ஸில் இருக்கும் போன் து கார் பாலத்தின் தெர்மாகோல் மாடல் எல்லாவற்றையும் நான் ஒருத்தியே செய்து முடித்தேன். வளைவு நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததால், பசை காயும்வரை ராத்திரி இரண்டு மணிக்கும் அம்மாதான் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அண்ணனும் தூங்கிவிட்டார்கள். "எந்த ஆத்துப் பாலம் கண்ணு இது?" என்று அம்மா வேறு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டென்ஷனில் நான் பதில் சொல்லவில்லை. அவர்களுக்குக் காலை ஆறு மணிக்கு பனியன் கம்பெனி பஸ். வெள்ளிக்கிழமை வைவா. அந்த நான்கு பேரின் பெயரையும் அட்டையிலிருந்து எடுத்துவிடலாமா?

பதில்: ஒவ்வொரு செமஸ்டர் முடியும்போதும் இந்தக் கடிதம் எனக்கு வருகிறது. கல்லூரியும் தலைப்பும்தான் மாறும். உழைத்தவள் நான், மார்க் வாங்குவது அவர்கள் என்ற வயிற்றெரிச்சல் எல்லாவற்றிலும் ஒன்றுதான். அந்த எரிச்சல் நியாயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் கடிதத்தில் என் கண் போய் நின்றது அந்த நான்கு பேரிடம் இல்லை. இரண்டு மணிக்குத் தெர்மாகோல் வளைவைப் பிடித்துக்கொண்டு நின்ற கைகளிடம்.

'நான் ஒருத்தியே செய்தேன்' என்று எழுதுகிறாய். அடுத்த வரியிலேயே அம்மா வருகிறார். இரண்டையும் ஒரே பேனாவால் எழுதும்போது உனக்கு உறுத்தவில்லையா? போன் எடுக்காதவன் மீது உனக்குக் கோபம், ஏனென்றால் அவன் உன் உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நீ யார் உழைப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று திரும்பிப் பார்.

நீ சிவில் படிக்கிற பெண். அதனால் உன் பாடத்திலேயே பேசுகிறேன். வளைவில் உச்சியின் நடுக்கல் உள்ளே இறங்கும்வரை மற்ற கற்கள் தம் எடையைத் தாமே தாங்காது, சரிந்துவிடும். அதுவரை மரச்சட்டத்தால் கீழிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். நம் ஊர் கட்டட வேலையில் அதைத்தான் சென்ட்ரிங் என்கிறோம். நடுக்கல் உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிக்கொண்டு நிற்கும். பிறகு சட்டத்தைக் கழற்றி அடுத்த வளைவுக்கு எடுத்துப்போவார்கள். கட்டி முடித்ததும் சட்டம் இருந்ததற்கு அடையாளமே இருக்காது. அன்று ராத்திரி உன் வீட்டில் சென்ட்ரிங்காக நின்றது உன் அம்மா.

போன் து கார் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பாய். கிட்டத்தட்ட 49 மீட்டர் உயரம், மூன்று அடுக்கு, கீழ் இரண்டு அடுக்குகளில் சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கியது, கி.பி. முதலாம் நூற்றாண்டு என்றெல்லாம். அதன் படங்களை இன்னொரு முறை எடுத்துப் பார். தூண்களிலும் வளைவுகளின் அடியிலும் அங்கங்கே சில கற்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மரச்சட்டங்களையும் சாரத்தையும் தாங்குவதற்காக விட்ட கற்கள் அவை. வேலை முடிந்த பின்பும் அவற்றைச் செதுக்கித் தள்ளாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். எந்தக் கல் எந்த இடத்துக்கு என்று தொழிலாளர்கள் வெட்டிய எண்களும் குறிகளும்கூட இன்னும் இருக்கின்றன. ஏறக்குறைய 2000 வருடம் ஆகிவிட்டது. தாங்கியதன் அடையாளம் அந்தப் பாலத்தில் இருக்கிறது, உன் அட்டையில் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன். அண்ணனை ஏன் எழுப்பவில்லை? 'பாவம், காலையில் வேலைக்குப் போகணும்' என்பாய். ஆறு மணிக்கு கம்பெனி பஸ் பிடிக்க வேண்டியவருக்குக் காலை இல்லையா? ராத்திரி இரண்டு மணிக்குக் கையை நீட்ட வேண்டியது அம்மாதான் என்று எல்லா வீட்டிலும் எழுதாத சட்டம் இருக்கிறது. அதை அம்மாக்களும் எதிர்க்க மாட்டார்கள். குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் பார்க்கச் சொல்கிறவள். கணக்கே பார்க்காத வீட்டில் எப்போதும் ஒரே ஆள்தான் கொடுத்துக்கொண்டிருப்பார். படித்த பெண்ணாவது அதைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன்.

அந்த நான்கு பேர் விஷயத்துக்கு வருகிறேன். ரோமானியப் பொறியாளர் நோனியஸ் டாட்டஸைப் பற்றி உன் ரிப்போர்ட்டில் இருக்கிறதோ என்னவோ, இல்லாவிட்டால் சேர்த்துக்கொள். இன்றைய அல்ஜீரியாவில் பெஜாயா என்று இருக்கும் ஊருக்கு, அன்று அதன் பெயர் சால்டே, மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. டாட்டஸ் மட்டம் பார்த்து, மலைமேல் கம்பு நட்டு வழி குறித்து, வரைபடத்தையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் குடைந்தார்கள். சில வருடம் கழித்து அவரைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். வழியில் கொள்ளையர்கள் அடித்து, உடுத்தியிருந்ததைக்கூடப் பிடுங்கிக்கொண்டார்கள். காயத்தோடு வந்து பார்த்தால், இரண்டு பக்கத்தாரும் அவரவர் வலப்பக்கமாக விலகிப்போய், குடைந்த நீளத்தைக் கூட்டினால் மலையின் அகலத்தைவிட அதிகமாக இருக்கிறது. ஒருவரை ஒருவர் சந்திக்கவே இல்லை. திட்டத்தையே கைவிட இருந்தார்கள். டாட்டஸ் வேலையை மறுபடி பிரித்துக் கொடுத்து, கூடவே இருந்து முடித்தார். அவர் பட்ட பாடு லாம்பேசிஸ் என்ற ஊரில் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது. அதன் தலையில் பொறுமை, துணிவு, நம்பிக்கை என்று மூன்று பெண் முகங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

நீயும் முதல் நாள் வாட்ஸ்அப்பில் கம்பு நட்டுவிட்டுப் போய்விட்டாய். கடைசி வாரம்தான் திரும்பி வந்து பார்த்தாய். லீடர் என்றால் இடையிடையே மட்டம் பார்க்கிறவள். அதை நீ செய்யவில்லை. அவர்கள் செய்தது தப்புதான், உன் பங்கும் அதில் இருக்கிறது.

பெயரைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுக்காதே. அது முதுகில் குத்துவது. நான்கு பேரையும் கூப்பிட்டு, 'யார் எதைச் செய்தோம்' என்று ஒரு பக்கம் ரிப்போர்ட்டில் வரும் என்று முகத்துக்கு நேரே சொல். வெள்ளிக்கிழமைக்குள் செய்து கொடுக்கிறவர்களுக்குச் செய்ய இடம் கொடு. காப்பியடித்தவர்கள் தங்கள் பகுதியைத் திரும்ப எழுதட்டும். செய்யாதவர் பெயருக்கு எதிரே வெற்றிடம் இருக்கட்டும். மார்க் போடுவது ஆசிரியர் வேலை. போன் எடுக்காதவன் வீட்டுக்கு யாரையாவது நேரில் அனுப்பிப் பார். இத்தனை நாள் ஒரு பையன் போன் எடுக்கவில்லை என்றால் அதற்குச் சோம்பல் மட்டும்தான் காரணமா என்று தெரிந்துகொள்வது கூடப் படிக்கிறவர்களின் கடமை.

அந்தப் பக்கத்தில் 'மாதிரி செய்ய உதவியவர்' என்று போட்டு அம்மாவின் முழுப் பெயரை எழுது. 'என் தாயார்' என்று பூசி மெழுகாதே. பெயரை எழுது.

வெள்ளிக்கிழமை அவர் கம்பெனியில் இருப்பார், வைவாவுக்கு வர முடியாது. அதனால் வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாடலை நடுவீட்டில் வை. பாத்திரத்தை அண்ணன் கழுவட்டும். அம்மாவை உட்காரவைத்து, எந்த ஆத்துப் பாலம் என்று கேட்டாரே, அதற்குப் பதில் சொல். ஆற்றின் பெயர் கார்டோன் என்று சொல். அதன்மேல் போனது ஆளும் வண்டியும் இல்லை, தண்ணீர். உச்சி அடுக்கில் வாய்க்கால் ஓடியது என்று காட்டு. நீம் என்ற ஊருக்குக் குடிக்கவும் குளிக்கவும் சுமார் 50 கிலோமீட்டர் தூரத்திலிருந்து கொண்டுவந்தார்கள், அத்தனை தூரத்துக்கும் மொத்த இறக்கம் 20 மீட்டர்கூட இல்லை என்று சொல். பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு அவர் எந்த இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார், அங்கே பிடிக்காவிட்டால் எந்தக் கல் முதலில் விழுந்திருக்கும் என்று விரல் வைத்துக் காட்டு.