பதில்: தாய்மாமாவுக்குக் கொடுக்கும் கடனை எழுதி வாங்கலாமா?

தம்பி, ஆம்பூரில் ஷூ தைக்கும் யூனிட் போட உங்கள் தாய்மாமா 2 லட்சம் கேட்கிறார், எழுதித் தரச் சொன்னால் "கணக்குப் பார்த்தால் பிணக்கு வரும்" என்கிறார், அம்மாவும் அவர் பக்கம் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தப் பழமொழி அரிசி, எண்ணெய், பஸ் செலவு என்று உறவுக்குள் போய்வரும் சின்னக் கொடுக்கல் வாங்கலுக்குத்தான் பொருந்தும். பெரிய தொகைக்குப் பெரியவர்கள் சொன்னது வேறு: "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு", "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு". நம் வேலூர்ப் பக்கத்துக் கல்யாணங்களைப் பாருங்கள். மொய் எழுத ஒருவர் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். நெருங்கிய சொந்தம் வைக்கும் மொய்யும் அதில் ஏறும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

குடியாத்தத்தில் என் அப்பா ஒரு சொந்தக்காரருக்கு வாய்ப்பேச்சாக 40,000 கொடுத்தார். கொடுத்தது எவ்வளவு என்பதிலேயே சண்டை. அப்பாவின் சாவுக்குக்கூட அவர் வரவில்லை. பணம் போனதைவிட அதுதான் இன்றும் வலிக்கிறது.

சரி, பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ப்ரோநோட்டில் (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டு) ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் மாமா கையெழுத்துப் போடட்டும். கேட்டதும் திருப்பித் தரும் நோட்டு என்றால், எழுதிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள்தான் வழக்குப் போட முடியும். அப்புறம், இதை நீங்களே மாமாவிடம் பேசாதீர்கள். அவர் மதிக்கும் ஒரு பெரியவரை வைத்துப் பேசுங்கள்.