டிபிஎம்எஸ் (தரவுத்தள மேலாண்மை) பாடம்: இந்த முறை வந்த கேள்விகள்

கே: தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல் படித்தால் புரிகிறது. தேர்வில் எழுத வரவில்லையே?

படித்தால் வராது, ஓட்டிப் பார்த்தால்தான் வரும். எஸ்க்யூலைட்டோ போஸ்ட்கிரஸோ, ஏதாவது ஒரு தரவுத்தள மென்பொருளை நிறுவிக்கொண்டு, இருபது வரிசை உள்ள இரண்டு டேபிள்களைக் கையால் நிரப்புங்கள். ஒவ்வொரு க்வெரியையும் (டேபிளிடம் கேட்கும் கேள்வியையும்) ஓட்டுவதற்கு முன் என்ன விடை வரவேண்டும் என்று காகிதத்தில் எழுதிவிடுங்கள். இந்தக் காகித வேலையைத் தவிர்க்கவே கூடாது.

கே: என் க்வெரி தப்பான விடை தருகிறது. ஏன்?

க்வெரியையும் அனுப்பவில்லை, டேபிளையும் அனுப்பவில்லை. நான் எதைப் பார்த்துச் சொல்வது? ‘இந்தப் பட்டியலில் இல்லாதவை’ என்று கேட்கும் ‘நாட் இன்’ போட்டு ஒரு வரிசைகூட வரவில்லை என்றால், உள்ளே இருக்கும் சப்க்வெரியின் விடையில் எங்கோ ஒரு ‘நல்’ (மதிப்பே இல்லாத காலி இடம்) இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலே போதும், விடை காலியாகிவிடும். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ போட்டு எழுதுங்கள். அடுத்த முறை டேபிள், க்வெரி, வந்த விடை, எதிர்பார்த்த விடை நான்கையும் அனுப்புங்கள்.

கே: டேபிளைப் பிரித்து ஒழுங்காக்கும் நார்மல் ஃபார்ம் வரையறை எல்லாம் மனப்பாடம். ஆனாலும் கணக்கில் மார்க் போகிறது.

மனப்பாடம் செய்ததால்தான் போகிறது. திருத்தும் தாள்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்: ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் கீ எது என்று எழுதாமலே ‘இது மூன்றாம் நார்மல் ஃபார்மில் உள்ளது’ என்று முதல் வரியில் முடிவு சொல்லிவிடுகிறார்கள். எட்கர் காட் 1970-இல், தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை முன்வைத்தபோதே ஒரே தகவல் பல இடங்களில் கிடப்பதைப் பற்றிக் கவலைப்பட்டார். அந்தக் கவலையிலிருந்து தொடங்குங்கள், வரையறை தானாக நினைவில் நிற்கும்.

ஒரு டேபிளில் மாணவர் எண், பாட எண், மதிப்பெண், ஆசிரியர், ஆசிரியரின் அறை என்று ஐந்து புலங்கள். ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர், ஓர் ஆசிரியருக்கு ஒரே அறை. 60 பேர் படிக்கும் பாடத்தில் அறை எண் 60 தடவை எழுதப்பட்டிருக்கும். ஆசிரியர் அறை மாறுகிறார், 59 வரிசைகளைத் திருத்திவிட்டு ஒன்றை விட்டுவிட்டீர்கள். இப்போது அவருக்கு இரண்டு அறை! புதுப் பாடத்தில் யாரும் சேரவில்லை என்றால் அதன் ஆசிரியரைப் பதியவே வழியில்லை. கடைசி மாணவரும் விலகினால் ஆசிரியர் விவரமும் சேர்ந்து போய்விடும்.

எது எதைத் தீர்மானிக்கிறது என்று முதலில் எழுதுங்கள். பாட எண் ஆசிரியரைத் தீர்மானிக்கிறது. ஆசிரியர் அறையைத் தீர்மானிக்கிறார். மாணவர் எண்ணும் பாட எண்ணும் சேர்ந்தால்தான் மதிப்பெண். இப்படி ஒன்று இன்னொன்றைத் தீர்மானிப்பதுதான் சார்பு. மூன்று சார்புகள், மூன்று டேபிள்கள், அவ்வளவுதான். இன்னொன்று: வினாத்தாளில் கொடுத்த ஐந்து வரிசைகளைப் பார்த்துச் சார்பை நிரூபிக்க முடியாது, பொய்யாக்கத்தான் முடியும். சார்பு வருவது விதியிலிருந்து. எத்தனை தடவை சொன்னாலும் தாளில் இது மாறுவதில்லை.

கே: தேடலுக்கு உதவும் இன்டெக்ஸை எல்லாப் புலத்துக்கும் போட்டால் வேகம் கூடுமா?

கூடாது. புது வரிசை சேர்க்கும் ஒவ்வொரு இன்சர்ட்டிலும் அத்தனை இன்டெக்ஸையும் புதுப்பிக்க வேண்டும். அடிக்கடி தேடும், டேபிள்களை இணைக்க (ஜாயின்) பயன்படும் புலங்களுக்கு மட்டும் போடுங்கள். இன்டெக்ஸ் பெரும்பாலும் பி பிளஸ் மரம் என்ற கிளைவிடும் அமைப்பில் இருக்கும். அதில் ஒரு கணுவுக்கு நூறு கிளை என்று வைத்தால் நான்கே மட்டத்தில் பத்துக் கோடி வரிசைகளை எட்டலாம்.

கே: ப்ராஜெக்டில் அப்டேட் கொடுத்தேன், எல்லா மாணவருக்கும் ஒரே மதிப்பெண் ஆகிவிட்டது. மீட்க முடியுமா?

எந்த வரிசைகளை மாற்றுவது என்று சொல்லும் ‘வேர்’ (WHERE) எழுத மறந்திருக்கிறீர்கள். டிரான்சாக்ஷனைத் தொடங்கி, மாற்றத்தை நிலையாக்கும் கமிட் இன்னும் ஆகவில்லை என்றால், பழைய நிலைக்குத் திருப்பும் ரோல்பேக் கொடுங்கள். ஆகிவிட்டது என்றால் பேக்கப்தான் கதி. இனி அப்டேட், டெலீட் எதுவானாலும் அதே ‘வேர்’ நிபந்தனையோடு முதலில் செலக்ட் ஓட்டி, எத்தனை வரிசை வருகிறது என்று எண்ணிவிட்டுத் தொடுங்கள்.

கே: பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் வரையும் இஆர் படத்தில் மதிப்பெண்ணை மாணவரோடு சேர்ப்பதா, பாடத்தோடு சேர்ப்பதா?

இரண்டோடும் இல்லை. இரண்டையும் இணைக்கும் ‘பதிவு’ உறவோடு. எது எதைத் தீர்மானிக்கிறது என்று மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.

கே: வேலைக்கு எஸ்க்யூஎல் போதுமே, டேபிள்களைக் கணிதமாகக் கையாளும் ரிலேஷனல் அல்ஜீப்ராவை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நீங்கள் எழுதும் க்வெரியை, தரவுத்தளத்தின் உள்ளே இருக்கும் ஆப்டிமைசர் அல்ஜீப்ரா வடிவத்துக்கு மாற்றித்தான் எந்த வழி மலிவு என்று கணக்குப் போடுகிறது. வரிசைகளை வடிகட்டுவதை ஜாயினுக்கு முன்னால் தள்ளுவது அப்படி மலிவாக்கும் வழிகளில் ஒன்று. உங்கள் க்வெரிக்கு முன்னால் ‘எக்ஸ்ப்ளெய்ன்’ (எஸ்க்யூலைட்டில் ‘எக்ஸ்ப்ளெய்ன் க்வெரி பிளான்’) போட்டு ஓட்டுங்கள். வகுப்பில் வரைந்த அல்ஜீப்ரா மரத்தைப் போன்ற ஒன்று திரையில் வந்து நிற்கும்.