ஞானப்பல்லை எடுத்தால் எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 24. ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நின்றுகொண்டே பேச வேண்டிய வேலை. கீழ்வரிசையில் வலது பக்கக் கடைசிப் பல் பாதி வெளியேயும் பாதி ஈறுக்குள்ளும் இருக்கிறது. இந்த வருடத்தில் மூன்று முறை அந்த இடம் வீங்கி, வாயைத் திறக்கவே முடியவில்லை. மாத்திரை போட்டால் அடங்குகிறது, பிறகு திரும்ப வருகிறது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், பல் சாய்ந்து கிடக்கிறது, ஈறைக் கீறித்தான் எடுக்க வேண்டும் என்கிறார். இடது பக்கமும் ஒரு பல் முழுதாக உள்ளேயே இருக்கிறதாம். அதில் வலி இல்லை. பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று அம்மா பயப்படுகிறார். கடையில் ஒரு நாள்தான் லீவு தருவார்கள். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி

பதில்: அம்மாவின் பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். பார்வைக்கான நரம்பு கண்ணின் பின்புறத்திலிருந்து நேரே மூளைக்குப் போகிறது. கீழ்ப்பல்லின் உணர்ச்சியைக் கொண்டுபோவது தாடை எலும்புக்குள் ஓடும் வேறொரு நரம்பு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது. பல் விழும் வயதும் கண்புரை வரும் வயதும் ஒன்றாக இருப்பதால் இந்த நம்பிக்கை வந்திருக்கலாம்.

ஆனால் அந்தத் தாடை நரம்பைப் பற்றி நீங்கள் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அதற்கு மிக அருகில் இருக்கும். எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் கீழுதடும் மோவாயும் மரத்துப் போகும். பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பிவிடும். அரிதாக நிரந்தரமாக நின்றுவிடுவதும் உண்டு. "ஓபிஜி எக்ஸ்ரேயில் (தாடை முழுவதையும் ஒரே படமாகக் காட்டும் எக்ஸ்ரே) வேர் நரம்பைத் தொடுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். தொடுவதுபோல் தெரிந்தால், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். மிக நெருக்கமாக இருந்தால் பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, வேரை அப்படியே விட்டுவிடும் முறையும் இருக்கிறது.

எடுக்கத்தான் வேண்டுமா? உங்கள் வலது பல்லை எடுத்துவிடுங்கள். பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோலக் கிடக்கிறது. அதனடியில் சோறும் கிருமியும் தங்குகின்றன, பிரஷ் அங்கே போவதில்லை. மாத்திரை கிருமியை அடக்கலாம், அந்த இடுக்கை மூடாது. இப்படியே தள்ளிப் போட்டால் முன்னால் இருக்கும் நல்ல கடைவாய்ப்பல்லும் சொத்தையாகலாம். பிற்பாடு இரண்டு பல்லை இழக்க நேரிடலாம். வீக்கம் இருக்கும்போது போகாதீர்கள். அடங்கி, வாய் நன்றாகத் திறக்கும் நாளாகப் பாருங்கள். வாய், முக அறுவை சிகிச்சை நிபுணர் செய்வது நல்லது. பணம் நெருக்கடி என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் விசாரியுங்கள்.

அன்று வெறும் வயிற்றோடு போக வேண்டாம். அந்த இடத்தை மட்டும் மரக்க வைக்கும் ஊசிதான் என்றால் சாப்பிட்டுவிட்டே போகலாம். எந்த மாத்திரைக்காவது அலர்ஜி உண்டா, வயிற்றுப் புண், ஆஸ்துமா இருக்கிறதா, ஹார்மோன் மாத்திரை எடுக்கிறீர்களா என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசி போட்டபின் வலி தெரியாது, அழுத்துவதும் இழுப்பதும் மட்டும் தெரியும். எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லைத் துண்டாக்கி எடுப்பார்கள். அந்தச் சத்தம் பயமுறுத்தும். நடுவில் வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

இனி லீவுக்கு வருகிறேன். ஒரு நாள் போதாது. பல் எடுத்த அன்றைக்கு நீங்கள் ஓரளவு நன்றாகவே இருப்பீர்கள். அதை நம்பி மறுநாள் கடைக்குப் போய்விடுகிறார்கள். வீக்கம் உச்சத்துக்கு வருவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான். கன்னம் உப்பும், வாய் இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு இறுகும், பேசினால் தாடை கடுக்கும். அன்று சேலை விரித்து விலை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அறுவை நாளையும் சேர்த்து நான்கு நாள் கேளுங்கள், வார விடுமுறை அதற்குள் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நெருக்கம் வேண்டாம். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிக் கொடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். திரும்பிப் போகும் முதல் நாட்களில் தயங்காமல் உட்காருங்கள்.

அந்த நான்கு நாளும் நீங்கள் காப்பாற்ற வேண்டியது ஒன்றைத்தான்: பல் இருந்த குழியில் உறைந்து நிற்கும் ரத்தக்கட்டி. முழங்கால் காயத்தில் கட்டும் பொருக்கு மாதிரிதான் அது. அதன் அடியில்தான் புதுச் சதை வளர வேண்டும். அது கழன்றுவிட்டால் எலும்பு வெறுமையாகி, மூன்றாம், நான்காம் நாளில் காது வரை பிடுங்கும் வலி வரும், வாயும் நாறும். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறைந்து வந்த வலி திடீரென்று ஏறினால் உடனே போய்க் காட்டுங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தாலே பெரும் நிம்மதி கிடைக்கும்.

பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். எச்சிலை விழுங்குங்கள், துப்பக் கூடாது. துப்பும் வேகமே கட்டியைப் பெயர்த்துவிடும். இளநீர் நல்லதுதான், ஆனால் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். உமிழ்நீர் ஒரு நாள் இளஞ்சிவப்பாக வருவது சகஜம். மரப்பு இறங்கும் முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள், வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஐஸைத் துணியில் சுற்றி, கன்னத்தில் கால் மணி நேரம் வைத்து வைத்து எடுங்கள். இரவில் தலையணையை உயர்த்திப் படுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் அன்பாகச் செய்ய வரும் சிலவற்றைத் தடுக்க வேண்டியிருக்கும். முதல் நாளே உப்பு ஒத்தடம் கொடுத்தால் வீக்கம் கூடும். குழியில் கிராம்பு, மஞ்சள், காபித்தூள் எதையும் வைக்கவே கூடாது. நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு ஒரு வாரத்துக்கு வேண்டாம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தானாக வழிய விடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் செய்யலாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை கரைத்த தயிர்ச்சாதம், ஆறிய கஞ்சி, ராகிக் கூழ், வேகவைத்து மசித்த முட்டை, ஊறவைத்த இட்லி என்று சாப்பிடுங்கள். தயிர்ச்சாதத்தில் கடுகு தாளிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கடுகும் எள்ளும் கொய்யா விதையும் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உதட்டு மரப்பு போகும்வரை சூடாக எதுவும் வேண்டாம், சுட்டாலும் கடித்தாலும் தெரியாது. தையலை ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். குழியை ஈறு மூட மூன்று, நான்கு வாரம் ஆகும்.

காய்ச்சல், மூன்றாம் நாளுக்குப் பிறகும் ஏறும் வீக்கம், அழுத்தியும் நிற்காத ரத்தம், மறுநாளும் போகாத உதட்டு மரப்பு என எது வந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இடது பக்கப் பல்லை இப்போது தொட வேண்டாம் என்பது என் கருத்து. வலி, சீழ், சொத்தை எதுவும் தராத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேண்டியதில்லை என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2000-லேயே வழிகாட்டியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை காட்டிக்கொண்டு வாருங்கள். என்றைக்காவது எடுக்கும்படி ஆனாலும், வலது பக்கம் நன்றாக மென்று சாப்பிடும் நிலைக்கு வந்த பிறகே எடுங்கள்.