பாலைவனத்துக்கு எந்த வண்டி? பர்கூர் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: சார், பர்கூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். பொங்கல் வியாபாரம் முடிந்ததும், குடியரசு தின லீவை ஒட்டி குடும்பத்தோடு ஐந்து நாள் துபாய் போகிறோம். நான், மனைவி, அம்மா (வயது 66, முதுகுவலி, முட்டிவலி இரண்டும் உண்டு), 11 வயதுப் பையன், 3 வயதுப் பெண். சீட்டு எடுத்த 4 லட்சம்தான் மொத்தக் கையிருப்பு. விமானம், விசா, இரண்டு ரூம், காலை டிபன், இரவுச் சாப்பாடு, ஊர் சுற்றிக் காட்டுவது எல்லாம் சேர்த்து ஏஜென்ட் 3,60,000 சொல்லிவிட்டார். பாலைவன சஃபாரி மட்டும் தனி. அதற்கு மூன்று விலை சொல்கிறார். மற்றவர்களோடு ஷேரிங் வண்டியில் போனால் பெரியவர்களுக்கும் பையனுக்கும் தலைக்கு 180 திர்ஹம், பாப்பாவுக்கு 120. எங்களுக்கென்று தனி வண்டி என்றால் வண்டிக்கு 700, கேம்ப்பில் சாப்பாட்டுக்கும் நுழைவுக்கும் தலைக்கு 70. பாலைவனத்திலேயே கூடாரத்தில் ராத்தங்கினால் தலைக்கு 750, பாப்பாவுக்கு 400. மூன்றாவதை எடுத்தால் கிரெடிட் கார்டில் 12 மாத நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுத் தருகிறாராம். காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கும் மாந்தோப்புப் பணம் சீசனில் வரும், அடைத்துவிடலாம், ஒரு தடவைதானே போகிறோம் என்கிறார் மனைவி. எதை எடுப்பது? திர்ஹம் இப்போதே மாற்றி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தனி வண்டியை எடுங்கள். ராத்தங்கல் வேண்டாம். இஎம்ஐ வேண்டவே வேண்டாம். காரணம் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும், ஜவுளிக்கடைக்காரர் ஆயிற்றே, அதனால் கணக்கைப் போட்டுவிடுவோம்.

ஒரு திர்ஹம் 25 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஷேரிங் 840 திர்ஹம், அதாவது 21,000 ரூபாய். தனி வண்டி 1,050 திர்ஹம், 26,250 ரூபாய். ராத்தங்கல் 3,400 திர்ஹம், 85,000 ரூபாய். முதல் இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 5,250 ரூபாய்தான் என்பது ஏஜென்ட் தலைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று மாற்றி மாற்றிச் சொல்லும்போது கண்ணில் படாது. யார் என்ன விலை சொன்னாலும் ஐந்து பேருக்கும் சேர்த்து, 5 சதவீத வாட் வரி உட்பட எவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேளுங்கள். அங்கே 2018 ஜனவரியிலிருந்து வாட் உண்டு, அதைச் சேர்க்காமல் விலை சொல்லிவிட்டு கடைசியில் ஏற்றுகிற ஆட்களும் உண்டு.

அந்த 5,250 ரூபாயில் என்ன கிடைக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர். சஃபாரி என்று விற்கப்படுவதில் முதல் பாதி, லேண்ட் குரூஸர் மாதிரி வண்டியில் மணல்மேட்டின் உச்சிக்கு ஏறி, பக்கவாட்டில் சறுக்கி இறங்கி, குடலைக் குலுக்குகிற ஓட்டம். பையனுக்குக் கொண்டாட்டம். உங்கள் அம்மாவின் முதுகுக்கு அது ஆகவே ஆகாது. முதுகுவலிக்காரர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் இவர்களையெல்லாம் பெரும்பாலான நிறுவனங்களே அந்த ஓட்டத்தில் ஏற்றுவதில்லை. ஷேரிங் வண்டியில் முன்பின் தெரியாத இரண்டு பேர் 'இன்னும் வேகமா' என்று கத்திக்கொண்டிருக்கும்போது, டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்ல உங்களால் முடியாது. அம்மாவையும் பாப்பாவையும் நேராக கேம்ப்பில் விடச் சொன்னால் அதற்குத் தனி வண்டி, தனிக் கட்டணம் என்பார்கள், அதோடு 5,250 மிச்சம் என்ற பேச்சும் போயிற்று. தனி வண்டி என்றால் முதலில் அம்மாவையும் மனைவியையும் பாப்பாவையும் கேம்ப்பில் இறக்கிவிட்டு, அப்புறம் நீங்களும் பையனும் மட்டும் போய்ப் பதினைந்து இருபது நிமிடம் குலுங்கிவிட்டு வரலாம். இதற்கு ஒத்துக்கொள்கிறார்களா என்பதை இப்போதே ஏஜென்டிடம் கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சு அங்கே செல்லாது.

இன்னொன்று, ஷேரிங்கில் வண்டி மற்றவர்களின் ஓட்டல் வாசலிலும் நின்று ஆள் ஏற்றும். மதியம் இரண்டரை மூன்றுக்குக் கிளம்பினால் திரும்ப ராத்திரி ஒன்பது, ஒன்பதரை ஆகும், திரும்பும்போதும் அதே வரிசையில் ஆள் இறக்கம். 3 வயதுக் குழந்தை மடியில் தூங்கி வழியும் நேரம் அது.

இனி ராத்தங்கல். 85,000 என்கிறார் ஏஜென்ட், உண்மையில் அதற்கும் மேல். அன்றைக்கு நகரத்தில் இரண்டு ரூமுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறீர்களே, அது பூட்டிக்கிடக்கும். ஒரு ரூம் ஒரு இரவுக்கு என்ன விலை என்று பேக்கேஜ் கணக்கில் பிரித்துக் கேளுங்கள், அதையும் 85,000-த்தோடு கூட்டுங்கள். ஜனவரி ராத்திரியில் பாலைவனம் நன்றாகவே குளிரும், ஓசூர் மார்கழிக் குளிருக்குக் குறைச்சல் இல்லை. விடியற்காலையில் முட்டிவலியோடு மணலில் நடந்து கழிப்பறைக்குப் போகவேண்டிய அம்மாவை நினைத்துப் பாருங்கள். நீங்களும் மனைவியும் மட்டும் போகிற பயணமாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். 2003-ல் அமைத்த துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதி என்று ஒன்று இருக்கிறது, 225 சதுர கிலோமீட்டர், அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டும்தான் உள்ளே போகலாம், ஒரிக்ஸ் மான்கள் திரியும், கூட்டமும் கூச்சலும் கிடையாது. அங்கே தங்குவதற்குக் கூடுதலாகக் கொடுத்தால் அதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. உங்கள் ஏஜென்ட் சொல்லும் கூடாரம் அதற்குள்ளே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதில் வழவழ என்று வந்தால் சிவப்பு மணலுக்குப் பேர்போன லஹ்பாப் பக்கம் இருக்கும் ஏதோ ஒரு சாதா கேம்ப்தான், எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு அதே இடத்தில் பாய் விரித்துக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ என்ற பேரில் மயங்கவேண்டாம். வட்டியை வங்கி போடத்தான் செய்கிறது, விற்பவர் அந்தத் தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார், அவ்வளவுதான். வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் வங்கியின் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். அதைவிட முக்கியமாக, இஎம்ஐ இல்லாமல் ரொக்கமாகக் கட்டினால் என்ன விலை என்று கேளுங்கள், 85,000 திடீரென்று குறையும். மொத்த வியாபாரிக்கு இந்த வித்தை புதிதில்லை.

மாந்தோப்புப் பணத்தை இதில் இழுக்காதீர்கள். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை எப்படி விழுந்தது என்று காவேரிப்பட்டணத்தில் தோப்பு வைத்திருப்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பூ பிடிக்கிற ஜனவரி மாதத்தில், காய் விலையை நம்பி ஒரு ராத்திரித் தூக்கத்துக்குக் கடன் வாங்குவது உங்கள் மனைவிக்கும் யோசித்தால் பிடிக்காது. ஒரு தடவைதானே என்கிறார், சரிதான், ஆனால் தவணை பன்னிரண்டு தடவை வரும்.

சரி, 4 லட்சத்தில் பேக்கேஜ் போக மிஞ்சும் 40,000-த்தில் எப்படி முடிப்பது? 26,250 போனால் மிச்சம் 13,750. ஐந்து நாள் மதியச் சாப்பாடு, மெட்ரோ, டாக்ஸி, பாப்பாவின் ஐஸ்கிரீம் எல்லாவற்றுக்கும் அது இழுபறிதான். அதனால் பேக்கேஜ் பட்டியலை எடுத்துப் பாருங்கள், ஊர் சுற்றலில் 'தோ குரூஸ்' என்ற படகு விருந்து அநேகமாக இருக்கும். அதைக் கழற்றிவிட்டு விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். படகிலும் பஃபே சாப்பாடு, பாவாடை சுழற்றுகிற தனூரா ஆட்டம். பாலைவன கேம்ப்பிலும் அதே பஃபே, அதே தனூரா. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட் எதற்கு? தண்ணீரில் போகவேண்டும் என்றால் டெய்ராவுக்கும் பர் துபாய்க்கும் நடுவே ஓடும் அப்ரா படகில் ஒரு ஆளுக்கு ஒரு திர்ஹம்தான், எனக்குக் கேட்டால் அந்த ஊரிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் கிடைப்பது அதில்தான். மதியத்துக்குக் கராமா பக்கம் போனால் நம்மூர்ச் சாப்பாடே கிடைக்கும்.

இனி கேம்ப்பில் கை வைக்கிற செலவுகள். ஒகேனக்கல் போயிருப்பீர்கள், பரிசல் கட்டணத்தோடு முடிகிறதா? எண்ணெய் மசாஜ், மீன் வறுவல், போட்டோ என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும் இல்லையா, பாலைவனமும் அப்படித்தான். மணலுக்குள் இறங்கும் முன்பு டயரில் காற்றைக் குறைக்க வண்டியை ஓரிடத்தில் நிறுத்துவார்கள். காற்று இறக்க ஐந்து நிமிடம் போதும், ஆனால் அங்கே அரைமணி நேரம் நிற்பீர்கள், ஏனென்றால் பக்கத்திலேயே குவாட் பைக் (மணலில் ஓட்டும் நான்கு சக்கர பைக்) வாடகைக்கு நிற்கும், பையனின் கண் அதைவிட்டு நகராது. ஒருவர் வந்து சிரித்துக்கொண்டே உங்கள் தலையில் கட்டம் போட்ட துணியைச் சுற்றிக் கட்டிவிடுவார், அழகாக இருக்கிறது என்பார், போட்டோவும் எடுத்துத் தருவார், விலை அதற்கப்புறம்தான் வரும். துணியின் தரம் உங்களுக்குத் தெரியாதா, தொட்டுப் பார்த்தாலே சொல்லிவிடுவீர்கள். கேம்ப்பில் பருந்தைக் கையில் வைத்து போட்டோ, விஐபி மேஜை இவற்றுக்கும் அநேகமாகத் தனிக் காசு. ஒட்டகச் சவாரி இலவசம் என்றால் ஒரு சுற்று, இரண்டு நிமிடம். இதற்கெல்லாம் சேர்த்து 200 திர்ஹம் என்று பையன் கையிலேயே கொடுத்துவிடுங்கள், எதை வாங்குவது என்று அவனே முடிவு செய்யட்டும், தீர்ந்தால் தீர்ந்தது. குவாட் பைக் மட்டும் அதில் சேர்த்தி இல்லை. நீங்கள் எடுக்கும் டிராவல் இன்சூரன்ஸ் பாலிசியில் இந்த மாதிரி சாகச விளையாட்டு விலக்கு என்று இருக்கிறதா எனப் பாருங்கள், பல பாலிசிகளில் இருக்கும், அங்கே கை கால் முறிந்தால் ஆஸ்பத்திரி பில்லுக்கு இந்த 4 லட்சம் போதாது.

ஏஜென்டிடம் கேட்க இன்னும் சில. கேம்ப்பில் எல்லோரும் தரையில் மெத்தை போட்டுத் தாழ்ந்த மேஜையில்தான் உட்காருவார்கள், அம்மாவுக்கு நாற்காலி உண்டா? சைவச் சாப்பாடு தனியாக வைப்பார்களா? முந்தைய நாள் ரத்து செய்தால் பணம் திரும்புமா? சஃபாரியை நடத்தும் நிறுவனத்தின் பெயர் என்ன, துபாய் பொருளாதாரம் மற்றும் சுற்றுலாத் துறையின் உரிமம் இருக்கிறதா? தேதியை இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வையுங்கள். ஜனவரியில் அங்கே மழை வர வாய்ப்புண்டு, வண்டி போகவில்லை என்றால் வேறு நாளுக்கு மாற்ற இடம் வேண்டும். கடைசி நாள் ராத்திரி வைத்துக்கொண்டு விடியற்காலை பெங்களூரு விமானத்துக்கு ஓடுவது வேண்டாத வேலை.

பேக்கேஜ் பில்லில் டிசிஎஸ் என்று ஒரு வரி பிடிப்பார்கள், 3,60,000-த்துக்குள் அது அடங்கியிருக்கிறதா, மேலே வருமா என்று கேளுங்கள். விகிதத்தை பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாற்றுகிறார்கள், அதனால் பில் போடும் அன்றைய விகிதத்தைப் பாருங்கள். அது போன பணமில்லை, வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அதிகமாக இருந்தால் திரும்ப வாங்கலாம். ஆனால் யாருடைய பான் எண்ணில் பிடித்தார்களோ அவர் கணக்கில்தான் ஏறும். பில் உங்கள் பெயரில், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் உங்கள் பான் எண்ணில் இருக்கட்டும். அம்மாவின் பான் கார்டு கையில் இருக்கிறது என்று அதைக் கொடுத்துவிடாதீர்கள், அப்புறம் அந்தப் பணத்துக்காக அவருக்கும் ஒரு ரிட்டர்ன் போடவேண்டி வரும்.

கடைசியாக திர்ஹம். அது 1997-லிருந்து டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது, ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம். அதனால் திர்ஹம் ஏறுமா இறங்குமா என்பது ரூபாய்க்கும் டாலருக்கும் நடுவே உள்ள சமாசாரம்தான், அதைக் கணித்து இந்தச் சின்னத் தொகையில் நீங்கள் லாபம் பார்க்கப்போவதில்லை. இப்போது பாதி, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு பாதி என்று மாற்றிவிடுங்கள். சுமார் 400 திர்ஹம் சின்ன நோட்டாகக் கையில், மற்றது ஃபாரெக்ஸ் கார்டில், அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டில். விமானநிலையத்தில் மாற்றினால் ரேட் அடிபடும், கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ உங்கள் வங்கிக் கிளையில் முன்கூட்டியே கேளுங்கள், இரண்டு இடத்தில் விசாரித்துவிட்டு மாற்றுங்கள். அவசரத்துக்கு இங்குள்ள கிரெடிட் கார்டை அங்கே தேய்க்க நேர்ந்தால், ரூபாயில் போடவா திர்ஹமில் போடவா என்று மெஷின் கேட்கும். திர்ஹம் என்றே அமுக்குங்கள், ரூபாயை அமுக்கினால் அவர்கள் வைக்கிற ரேட்டில் கூடுதலாகப் போகும்.